கதிரை போட்ட இடம்

குழியைக் கண்டதும் நான் இரண்டு அடி பின்னால் போய்விட்டேன்.

“எட்டிப் பார், றம்சீன்.”

“இஞ்சயிருந்தே வடிவாத் தெரியுது அக்கா. குழி. நல்ல ஆழம். வாங்கோ போவம்.”

பத்மாசனி அக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பலா மரத்தடியில் குந்தி, கிளறிய மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார். வவுனியாத் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்து இளைப்பாறியவர் அவர். ஊராரின் பொய்களைக் காதால் கேட்டே பழகியவர். சமாதானம் வந்து பாதை திறந்த பிறகு, ஆளைத் தொலைத்தவர்களும் பொருளைத் தொலைத்தவர்களும் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். வன்னிக்குள் அவர் வந்தால் வான் என்னுடையது, ஓட்டுவதும் நான். துணிவு அவருடைய பகுதி, பயம் என்னுடைய பகுதி. இரண்டு பேரும் அவரவர் வேலையைக் குறைவில்லாமல் செய்து வருகிறோம்.

“ஒரே ஒரு குழி,” என்றார் அக்கா. “இராசேஸ்வரி ரீச்சர் வீட்டிலயும் ஒண்டு. சின்னராசா வீட்டிலயும் ஒண்டு. அங்கை இஞ்சை தோண்டிப் பாக்கேல்ல.”

“கள்ளனுக்குக் குனிய ஏலாத நாரிப் பிடிப்பா இருக்கும்.”

“இடம் தெரிஞ்சிருக்கு, மோனை. நேர வந்து நேர கிண்டியிருக்கிறான்.”

ஒட்டுசுட்டானில் ஒரே கிழமைக்குள் மூன்று வீடுகளில் இப்படி மண்ணுக்குள் தாட்டு வைத்த நகை போயிருந்தது. முதல் இரண்டு வீட்டிலும் ஆட்கள் இல்லாத நேரம். மூன்றாவது இந்த வீடு. இங்கே வடிவம்மா தனியாக இருந்திருக்கிறார். மண்வெட்டிப் பிடியால் தலையில் அடி. முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. அவர் அக்காவின் பள்ளித் தோழி. அதனால்தான் அக்கா கூப்பிடாமலே வந்திருந்தார்.

வடிவம்மாவின் புருசன் வீரகத்தி எங்களுக்குப் பலா நிழலில் இருக்க ஒரு நீள வாங்கு போட்டுத் தந்துவிட்டு, தான் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நெருப்பு வெயிலில் ஒரு கதிரையைப் போட்டு, தலையைப் பிடித்தபடி குந்தியிருந்தார்.

“அண்ணை, நிழலுக்கு வாங்கோவன்,” என்றேன்.

“எனக்கினி வெயிலென்ன, நிழலென்ன, தம்பி.”

என் மனம் இளகிப் போயிற்று. எனக்கு அழுகிற மனிசரைக் கண்டால் போதும், அழுகை வந்துவிடும்.

“நகை இந்தப் பலாவுக்குக் கீழதான் இருந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?” என்று அக்கா கேட்டார்.

“தெரியாமல்? புருசன் பெண்சாதிக்குள்ள ஒளிப்பு மறைப்பென்ன, அக்கா?”

கொடுத்து வைத்த மனிசன் என்று நினைத்தேன். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை ஊரை விட்டு அனுப்பி, நாங்கள் புத்தளத்துக்குப் போனபோது, என் மனைவி ஸுஹறா நகையை வீட்டு வளவுக்குள் தாட்டுவிட்டுத்தான் புறப்பட்டாள். போன வருசம் திரும்பி வந்தோம். இன்றுவரை இடத்தை எனக்குச் சொல்லவில்லை. கேட்டால், “உங்கட ஓட்டை வாய்க்கு அது தெரியத் தேவையில்லை. மகளின்ர கலியாணத்துக்கு எடுப்பம்,” என்பாள். நானும் அந்தத் துணிவில்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரரிடம் நெஞ்சை நிமிர்த்திக் கதைத்துக்கொண்டு திரிகிறேன்.

கூட்டுறவுச் சங்கக் கடையின் பின்னறையில் இரண்டு பேரை ஊர்ச்சனம் பிடித்து இருத்தியிருந்தது. மேனுகா, நிருஷன். கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர்கள். ஏதோ வெளிநாட்டு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய் ஆராய்ச்சி செய்தவர்கள். திருட்டுப் போன மூன்று வீட்டுக்கும் இவர்கள்தான் முதலில் போயிருக்கிறார்கள். பொழுதுபடக் காவல்துறை வந்து கொண்டுபோகும் என்றார்கள். வாசலில் நின்ற இளந்தாரிகளின் முகத்தைப் பார்த்தால் பொழுதுபடும்வரை பொறுப்பார்கள் போலத் தெரியவில்லை. நிருஷனின் கீழ்ச்சொண்டு அடிபட்டு ஏற்கெனவே வீங்கியிருந்தது. வீரகத்தியும் எங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து கதவடியில் நின்றார்.

“என்ன ஆராய்ச்சி, பிள்ளை?” என்று அக்கா கேட்டார்.

“செல்வ முகாமைத்துவத்தில டிஜிற்றல் தொழில்நுட்பம், ஆன்ரி,” என்றாள் மேனுகா. “வெளிநாட்டிலயிருந்து வாற காசு, நகை, காணி, மாடு எல்லாத்தையும் கொம்பியூட்டரிலயும் போனிலயும் கணக்கு வைச்சுப் பாதுகாக்கலாமோ எண்டு பாக்கிறம்.”

“மாட்டையும் கொம்பியூட்டருக்குள்ள விடப் போறியளோ? வைக்கல் ஆர் போடுறது?” என்றேன்.

“றம்சீன்.”

“சரி, நான் கதைக்கேல்ல.”

“நகையை எங்கை வைச்சிருக்கினம் எண்டு கேட்டனீங்களோ?”

“சத்தியமா இல்லை, ஆன்ரி! நகை இருக்கோ எண்டுதான் கேட்டது. எல்லாரும் ஒரே பதில். ‘எங்களிட்ட என்ன பிள்ளை இருக்கு, கழுத்தில கிடக்கிறதுதான்.’ நான் அறிக்கையில கூட எழுதிட்டன், இஞ்சை சனத்திட்டச் சேமிப்பு முறை எண்டு ஒண்டும் இல்லை எண்டு.”

வாசலில் நின்ற ஒருவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. நிவாரணம் எழுத வருகிறவன், வரி கேட்டு வருகிறவன், துவக்கோடு வருகிறவன் என்று எத்தனை பேருக்குக் கை விரித்துக் காட்டிய சனம். கொழும்புப் பிள்ளைக்கா உண்மையைச் சொல்லும்?

“பிறகென்ன செய்தனீங்கள்?”

“வீட்டுக்காரரை ஒரு படம் எடுப்பம். அவ்வளவுதான்.”

நிருஷன் லப்டொப்பைத் திறந்தான். முதற் படத்தில் இராசேஸ்வரி ரீச்சர், வளவுக்கு நடுவில் வெயிலில் கதிரை போட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தார். இரண்டாவதில் சின்னராசாவின் மனைவி, கோழிக்கூட்டுக்கு முன்னால் வெயிலில் கதிரை.

அக்கா திரைக்குக் கிட்டக் குனிந்தார். “வந்த உங்களை எங்கை இருத்தினவை?”

“விறாந்தையில. நல்ல நிழல். தேத்தண்ணியும் தந்தவை.”

“வந்தவைக்கு நிழல். வீட்டுக்காரிக்கு வெயில். பின்னேர வெயிலுக்கே பூவரசுக்குக் கீழ இருக்கிற மனிசி படம் எடுக்கேக்க மட்டும் ஏன் உச்சி வெயிலில போய்க் குந்துறா? றம்சீன், ரீச்சர் வீட்டுக் குழி எங்கை கிடந்தது?”

“வளவுக்கு நடுவில…” நான் படத்தைத் திரும்பவும் பார்த்தேன். “சின்னராசா வீட்டில கோழிக்கூட்டுக்கு முன்னால. அக்கா! தாட்ட இடத்துக்கு மேலயே கதிரையைப் போட்டுக் குந்தியிருக்கினம்!”

“கேக்கிறது சொத்தைப் பற்றி. அந்நியரின்ர கால் அதில படக் கூடாது எண்டு நினைச்சு மேல ஏறி இருந்திடுவினம். எத்தினை இடப்பெயர்வில பழகின பழக்கம். தாங்கள் செய்யிறது தங்களுக்கே தெரியாது.”

மேனுகா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பெருமையில் கையை நீட்டி அடுத்த படத்துக்கு விசையை அழுத்தினேன். அவசரத்தில் ஒரு படத்தைத் தாண்டிப் போய்விட்டது போல. வந்து நின்ற படத்தைக் கண்டதும் லப்டொப்பை என் பக்கம் இழுத்தேன்.

ஆட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில், முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, வெயிலில் கதிரை போட்டு இருந்தவள் ஸுஹறா.

“யா அல்லாஹ்! இது என்ர வீடு!”

மகள் நஃப்லா வவுனியாவுக்கு, மாமி வீட்டுக்குப் போயிருந்தாள். ஸுஹறா தனிய. எங்கள் பக்கம் போனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மண்வெட்டிப் பிடியும் வடிவம்மா அக்காவின் தலையும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

கதவடியில் நின்ற வீரகத்தி என் தோளைப் பிடித்தார். “தம்பி, பதறாதை. உன்ர வான் சுத்துப் பாதையாலதான் போக வேணும். நான் குளக்கட்டு ஒற்றையடியால மோட்டச்சைக்கிளில முந்திப் போய் அவாவோட நிக்கிறன்.”

“அண்ணை, உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்! ஓடுங்கோ!” நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றாத குறைதான். மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போனது.

அக்கா இன்னும் அந்த லப்டொப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “தாண்டிப்போன படத்தைக் காட்டு தம்பி,” என்று நிருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் லப்டொப்பையும் மேனுகாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வானில் ஏறினார். வாசலில் நின்ற இளந்தாரிகள் தடுக்க வந்தார்கள். “பெடியன் இஞ்சைதானே இருக்கிறான். இவளுக்கு நான் பொறுப்பு. அவனில கை வைச்சியளோ, திரும்பி வந்து கதைக்கிறன்,” என்று அக்கா போட்ட சத்தத்தில் வழி விட்டார்கள்.

வான் பள்ளத்துக்குப் பள்ளம் குதித்தது. ஸ்ரியறிங்கைப் பிடித்த கை வழுக்கியது. உடுத்திருந்த சாரத்தில் துடைத்தேன், திரும்பவும் வியர்த்தது. இடப் பக்கம் காட்டுக்குள்ளால் ஒரு குறுக்குப் பாதை பிரிந்தது. அதில் போனால் பாதித் தூரம் மிச்சம். பாதையின் வாயிலேயே மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்றது.

ஸ்ரியறிங் தன்பாட்டில் இடப் பக்கம் திரும்பியது. மேனுகா வீரிட்டாள்.

“றம்சீன்!” அக்கா என் கையில் ஓங்கி அடித்தார். “மிதிவெடியில போனால் ஸுஹறாவுக்கு ஆர் இருக்கினம்?”

நேரே விட்டேன். கண்ணீரில் தெரு மங்கலாகத் தெரிந்தது. வளைவில் திரும்பினால் தெருவுக்குக் குறுக்கே ஒரு தனியன் யானை நின்றது. தும்பிக்கையால் மண் அள்ளி முதுகில் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்தது.

“ஹோர்ன் அடிக்காதை,” என்றார் அக்கா மெதுவாக.

“அடிக்கக் கையிலை பெலன் இல்லை அக்கா. கிடந்த பயமெல்லாம் கள்ளனுக்கே முடிஞ்சு போச்சு. இதுக்கு இனிக் கடன்தான் வாங்க வேணும்.”

யானை அசையவில்லை. நானும் அசையவில்லை. எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாம் ஓதி முடித்துத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். அந்த நேரத்திலும் அக்கா மடியில் லப்டொப்பைத் திறந்து வைத்திருந்தார்.

“பிள்ளை, இதுதானே வடிவம்மாவின்ர படம்?”

“ஓம் ஆன்ரி.”

“கிணத்தடியிலயெல்லோ கதிரை போட்டிருக்கிறா?”

“ஓம்.”

“குழி பலாவுக்குக் கீழ.” அக்கா திரையில் இருந்த கதிரையை விரலால் தொட்டார். “ரெண்டு வீட்டில கதிரையும் குழியும் ஒரே இடம். இந்த வீட்டில மட்டும் வேற. அப்ப இந்தக் குழி நகைக்கு வெட்டினதில்லை. காட்டுறதுக்கு வெட்டினது. படம் எடுக்கேக்க கதிரையை ஆர் தூக்கிக்கொண்டு போய் வைச்சது, பிள்ளை?”

“எங்களை வீடு வீடாக் கூட்டிக்கொண்டு போனவர்தான். ‘எங்கை தங்கச்சி வைக்க?’ எண்டு அவையளிட்டக் கேட்டுக் கேட்டு வைச்சவர். தன்ர வீட்டுப் படத்துக்கு மட்டும் அவர் நிக்கேல்ல, வேற வீட்டுக்குச் சொல்லப் போயிட்டார்.”

“ஆரது?”

“வீரகத்தி ஐயா.”

யானை தெருவை விட்டிறங்கிக் காட்டுக்குள் போனது. நான் வானை எடுக்கவில்லை.

“அவன் லப்டொப்பைப் பாக்கவும் தேவையில்லை,” என்றார் அக்கா. “உங்களுக்கு அது வெறும் கதிரை, பிள்ளை. எங்கட ஊரானுக்கு அது அடையாளம். வடிவம்மா எதையோ கண்டிட்டாள். அதுதான் அடி. தன்ர வீட்டிலயும் களவு போன மாதிரிக் காட்டக் குழி வெட்டியிருக்கிறான். அவள் தாட்ட இடம் அவனுக்குத் தெரியாது. இந்த ஊரில எந்தப் பெண்சாதி புருசனுக்குச் சொல்லியிருக்கிறாள்? றம்சீன், அவன் இப்ப எங்கை?”

“நான்தான் அனுப்பினனான், அக்கா.” நான் கியரைப் போட்டு வானை எடுத்தேன். “ஸுஹறாவுக்குக் காவலுக்கு. கும்பிட்டு அனுப்பினனான்.”

வேலியே பயிரை மேய்ந்த கதையைப் படித்திருக்கிறேன். மேய வந்த மாட்டைக் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே விட்ட மடையன் நான் ஒருவன்தான். என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. மிச்சத் தெருவை எப்படி ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

என் வீட்டு வாசல் படலையில் அந்த மோட்டார் சைக்கிள் நின்றது.

வளவுக்குள் சத்தமில்லை. ஓர் ஆடு மட்டும் விட்டு விட்டுக் கத்தியது. படலைக்கு அங்கால் ஸுஹறாவின் ஒற்றைச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. அதை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். அக்கா வானுக்குள் கிடந்த, சில்லு மாற்றுகிற ஜக் கம்பியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போனார். அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

ஆட்டுக் கொட்டிலைச் சுற்றியதும் கண்டேன். ஸுஹறா கதிரையில் இருந்தாள். மடியில் உலக்கை. பக்கத்தில் மண்வெட்டி. அவளுக்கு முன்னால் மண் உள்ளே இறங்கி, ஒரு பெரிய பொந்து. பொந்துக்கு மேலே வீரகத்தியின் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. அங்கிருந்து வந்த நாற்றம் சொல்ல முடியாது.

“கிட்ட வராதேங்கோ, மலகூடக் குழி,” என்றாள் ஸுஹறா. உலக்கையை அவள் இன்னும் விடவில்லை.

“என்ன புள்ள நடந்தது?”

“‘உன்ர மனுசன் அனுப்பினவர், நகையைக் கிளறி எடுத்துக்கொண்டு வரட்டாம்,’ எண்டு இவர் வந்தார். எனக்கு அப்பவே விளங்கிட்டுது. உங்களுக்கே இடம் தெரியாது, நீங்கள் எப்பிடி ஆளனுப்புவியள்? கேள்வி கேட்டால் அடிப்பார் எண்டு பயந்தன். கதிரையைத் தூக்கி அங்கால வைச்சிட்டு, ‘இதிலதான் அண்ணை, வெட்டுங்கோ,’ எண்டன். ரெண்டு போடு போட்டார். கீழ கிடங்கை மூடியிருந்த மரக்குத்தி உக்கிப் போயிருந்தது. ஆளோட இறங்கிட்டுது.”

“ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது அண்ணை,” என்றேன் வீரகத்தியிடம். சொல்லிவிட்டு நானே ஓவென்று அழுதேன்.

அக்கா குழி விளிம்பில் நின்று, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “வடிவம்மா கண் முழிப்பாள், வீரகத்தி. முழிச்சுச் சொல்லுவாள்.”

“மற்ற வீட்டு நகையள் எங்கை ஆன்ரி?” என்று மேனுகா கேட்டாள். “கேளுங்கோ அவரை.”

“கேக்கத் தேவையில்லை. எங்களை நிழலில இருத்திப்போட்டு, தான் வைக்கல் போரடியில வெயிலில கதிரை போட்டுக் குந்தியிருந்தவர். அவரும் இந்த ஊர்தானே.”

வீரகத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அக்கா மேனுகாவின் பக்கம் திரும்பினார். “படங்களை இப்பவே அழி, பிள்ளை. ஒண்டும் விடாமல்.”

“அறிக்கையில பிழையா எழுதினதையும் திருத்துறன், ஆன்ரி.”

“அதைத் திருத்தாதை. எங்களிட்ட ஒண்டும் இல்லையெண்டே இருக்கட்டும்.”

ஊராரைக் கூப்பிட்டு, நிருஷனையும் விடச் சொல்லி அனுப்ப இரண்டு பேரும் படலையடிக்குப் போனார்கள். நான் ஸுஹறாவின் காலடியில் மண்ணில் இருந்தேன். அவள் கையிலிருந்த உலக்கையை மெதுவாக வாங்கி வைத்தேன்.

“நல்லவேளை, அவன் உண்மையான இடத்தில வெட்டேல்ல,” என்றேன். “இனியெண்டாலும் எனக்குச் சொல்லு. நகை எங்கை?”

அவள் பொந்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“இதுதான் இடம்.”

“என்ன?”

“தொண்ணூறில இதிலதான் தாட்டனான். நாங்கள் புத்தளத்தில கிடக்கேக்க, இஞ்சை வந்திருந்த சனம் இதிலயே மலகூடத்துக்குக் கிடங்கு வெட்டியிருக்கினம். ஆர் எடுத்தவையோ, எங்கை போனவையோ. வந்த அண்டைக்கே கண்டிட்டன். ஒண்டும் இல்லை, இஞ்சாருங்கோ. அரைப் பவுனும் இல்லை.”

மாப்பிள்ளை வீட்டில் நான் கதைத்த கதையெல்லாம் நினைவுக்கு வந்தது. “பிறகேன் அதுக்கு மேல கதிரையைப் போட்டுக் குந்தியிருந்தனீ?”

“இருக்கெண்டு நினைச்சுத்தானே நீங்கள் ராவில நித்திரை கொள்ளுறியள்.” அவள் முக்காட்டால் முகத்தைத் துடைத்தாள். “ஊரும் அப்பிடி நினைக்கட்டும் எண்டு விட்டன். நஃப்லாவுக்கு நல்லதுதானே. எப்பிடிச் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்ல. பயமாக் கிடந்தது.”

பின்னேர வெயில் இன்னும் அவள் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. நான் எழும்பி அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். பிறகு அந்தக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வேம்புக்குக் கீழே, நல்ல நிழலில் போட்டேன்.

“வா,” என்றேன். “இதில இரு.”